மூச்சுப் பெட்டி – அத்தியாயம் 9: பதில் ஆள்

செத்துப்போன மனுஷன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

ஃபர்ஹீன் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்திருந்தாள். அந்தக் காதில் மூச்சு. இன்னொரு காதில், கீழே அடுப்படியில் அம்மா பாத்திரம் உருட்டுகிற சத்தம்.

உள்ளே போகிற மூச்சு, காய்ந்த திராட்சை இலையை யாரோ மிதித்துக்கொண்டு நடப்பது போலச் சொரசொரவென்று போனது. வெளியே வருகையில் கடைசியில் ஒரு விசில். கதவிடுக்கில் காற்று புகுகிற மாதிரி, மெல்லிசாக. அந்த விசில் அவளுக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த சங்கிலி அண்ணனின் முதுகில் மூச்சுப் பதிவுக் கருவியை வைத்து முதன்முதலாக அதைக் கேட்டபோது, "என்ன பாப்பா, உள்ள கோட்டான் கத்துதா?" என்று அவர் சிரித்ததுகூட ஞாபகம் இருந்தது.

நேற்று சென்னையிலிருந்து கம்பம் வந்து இறங்கியவள், பையை வைத்த கையோடு சுருளி ரோட்டில் உள்ள தங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போனாள். சங்கிலி அண்ணன் எங்கே என்று கேட்டாள். அவர் மனைவி முத்துப்பேச்சி வெறும் நெற்றியோடு நிமிர்ந்தாள். "மாசியிலயே போயிட்டாகளே தாயி. உனக்குத் தெரியாதா?"

மாசியில் போனவர். ஆனால் பங்குனியில் ஒரு பதிவு இருக்கிறது. சித்திரையில் ஒன்று. வைகாசியில் ஒன்று. எல்லாம் சங்கிலி என்ற பெயரில்.

மருந்தடிக்கும் ஆட்களின் நுரையீரல் கெடுவதை, மூச்சின் சத்தத்தை வைத்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா? இதுதான் ஃபர்ஹீனின் ஆராய்ச்சி. அவள் சென்னையில் இருப்பதால், மாதா மாதம் தோட்டத்து ஆட்களின் மூச்சைப் பதிவு செய்வது அண்ணன் அஷ்ரப்பின் பொறுப்பு. வீட்டில் எல்லோரும் அந்தக் கருவியை மூச்சுப் பெட்டி என்பார்கள். தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரியே அஷ்ரப் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். அந்தப் பெயருக்கு உரியவர் 'இருக்கேன்' என்பார். பிறகு மூச்சு. பதிவு தானாகச் சென்னைக்கு வந்து சேர்ந்துவிடும்.

பங்குனிப் பதிவை மறுபடி ஓடவிட்டாள்.

"சங்கிலி." அண்ணனின் குரல்.

"இருக்கேன்." கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அமுங்கிய குரல்.

அப்புறம் அந்த விசில்.

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அண்ணன் திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு கோட்டயம் போயிருக்கிறான், சாயங்காலம்தான் வருவான். போனையும் எடுக்கவில்லை.

"மேலேயே ஒக்காந்து என்ன பண்றவ? எறங்கி வந்து சாப்பிடு" என்று அம்மா ஜெய்த்தூன் பீவி கீழிருந்து கூப்பிட்டாள்.

இட்லியைத் தட்டில் வைத்த கையோடு அவள் ஆரம்பித்தாள். "அந்தப் பரிசு வந்திருக்குங்கிற. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடணும்ங்கிற. மூஞ்சியப் பாத்தா பரிசு வாங்குன மூஞ்சி மாதிரித் தெரியலயே?"

"பரிசு இல்லம்மா. ஆராய்ச்சிக்குக் குடுக்குற நிதி. அஞ்சு வருசத்துக்கு."

"பணம் உன் கையில தருவாகளா?"

"இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான் வரும். எனக்குச் சம்பளம் இவ்வளவு, மிஷினுக்கு இவ்வளவு, வேலையாளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சிருக்கும். ஒண்ணுக்கு வந்ததை எடுத்து இன்னொண்ணுக்குக் கேக்காமச் செலவு பண்ணக் கூடாது."

"உன் பேரைச் சொல்லித் தருவாக, உன் கையில தர மாட்டாக. மைனர் பிள்ளைக்குச் சொத்து எழுதுன கதையால்ல இருக்கு." ஜெய்த்தூன் பீவி சட்னியை ஊற்றினாள். "கூட வேற வேலை பாக்கலாமா?"

"கூடாது. முழு நேரமும் இதான்."

"கல்யாணம்?"

"அதுக்குத் தடையில்ல. பிள்ளை பெத்தாக்கூட அந்தக் காலத்தைக் கழிச்சிட்டு நாள் நீட்டிக் குடுப்பாக."

"அல்லா, அதையாவது நெனச்சாகளே. அப்ப நீ நெனைக்கிறதுதான் பாக்கி." மகள் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள். "எனக்கு விளங்கிருச்சு. இது குத்தகை. நெலம் ஒருத்தருது, தண்ணி ஒருத்தருது, பாடு உன்னுது. மகசூலு யாருக்கு?"

"அதை ஊருக்கே தெறந்து வைக்கணும்மா. ஆளோட பேரை எடுத்துட்டு, மூச்சை மட்டும் பொதுவுல வச்சிரணும். உலகத்துல எந்த மூலையில இருக்கிற டாக்டரும் கேக்கலாம்."

ஜெய்த்தூன் பீவியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"செத்தவுக மூச்சையுமா?"

ஃபர்ஹீன் நிமிர்ந்து பார்த்தாள். "சங்கிலி அண்ணன் செத்ததை எனக்கு ஏம்மா சொல்லல?"

"உங்கண்ணன்தான் வேணாம்னான். உனக்கு இன்டர்வியூ இருந்துச்சு, மனசு ஒடிஞ்சு போயிருவன்னு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நானும் அப்பவே சொல்லணும்னுதான் இருந்தேன். அந்த மனுசன் போனதுக்கப்புறமும் இந்த வீட்ல அவர் இழுக்குற மாதிரி மூச்சு கேக்குது. ஏறி வார படியில. வயசாச்சு, காதுல ஏதோன்னு விட்டுட்டேன்."

ஃபர்ஹீன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

*

இன்ஸ்டிட்யூட்டில் நிதி விவகாரங்களைப் பார்க்கிற பவானி மேடம் பதினோரு மணிவாக்கில் அழைத்தார். "கையெழுத்து இன்னும் வரலியே ஃபர்ஹீன். விதிமுறை எல்லாம் படிச்சீங்களா? சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம்தான் படிக்கிறாங்க."

"மேடம், ஆய்வுல இருக்கிற ஒருத்தர் எறந்துபோயிட்டா?"

"தெரிஞ்ச உடனே சொல்லிடணும். உயிரோட இருக்கும்போது சம்மதிச்சுக் கொடுத்தது, அந்தச் சம்மதத்தில் உள்ளபடி இருக்கலாம். அதுக்கு மேல அவர் பேர்ல புதுசா எதுவும் வரக் கூடாது." பவானி மேடம் லேசாகச் சிரித்தார். "எப்படி வரும்? செத்தவர் மறுபடி மூச்சு விடப் போறாரா என்ன?"

பதிவில் பெயர் கூப்பிடுகிற அண்ணனின் குரல் ஃபர்ஹீனுக்கு ஞாபகம் வந்தது.

"சொந்தக்காரங்க ஆய்வுல இருந்தா?"

"முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாம சேர்த்தா சிக்கல். நீங்க போடற கையெழுத்து, இதுவரைக்கும் கொடுத்த தகவல் எல்லாம் உண்மைன்னு சாட்சி சொல்ற மாதிரி. பின்னாடி பொய்னு தெரிஞ்சா நிதி நிக்கும், திரும்ப எங்கயும் கேட்க முடியாது. ஆரம்பிக்கிற தேதியை வேணா தள்ளி வைக்கலாம். ஏத்துக்கிறதைத் தள்ளி வைக்க முடியாது."

"அடுத்த வருசம் மறுபடி விண்ணப்பிக்கலாமா?"

"உங்களுக்கே தெரியுமே. பட்டம் வாங்கி இத்தனை வருசத்துக்குள்ளங்கிற வரம்பு உங்களுக்கு இந்த வருசத்தோட முடியுது. அடுத்த வருசம் நீங்க தொடக்கநிலை ஆய்வாளர் இல்ல." குரல் கனிந்தது. "என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல மேடம். சாயங்காலம் கூப்பிடுறேன்."

*

ஆனி மாதக் காற்று கம்பம் பள்ளத்தாக்கைப் புரட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் நடந்தால் சேலை முந்தானையைப் பிடிக்க ஒரு கை தனியாக வேண்டும். ஆனால் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்ததும் காற்று சுத்தமாக நின்றுபோயிற்று. தலைக்கு மேலே இலைக்கூரை கடகடவென்று அடித்துக்கொள்கிறது. கீழே ஒரு கொடி அசையவில்லை. உச்சி வெயில் நேரத்தில், குளத்துக்கு அடியில் நிற்பது போல ஒரு பச்சை இருட்டு. போன வாரம் அடித்த மருந்தின் நெடி இன்னும் போகவில்லை.

முத்துப்பேச்சி கொத்துகளில் சொத்தைப் பழங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சியக்கா, அண்ணன் போனதுக்கப்புறம் அவர் பேர்ல யாராவது வேலைக்கு வாராகளா?"

"என் கொழுந்தன் மகன் கருத்தக்கண்ணன் வாரான். பதில் ஆளு." இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல அவள் கத்தரித்துக்கொண்டே சொன்னாள். "வேலைச் செட்டுல ஒருத்தன் வரலேன்னா அவன் பேருக்கு வேற ஆள விடுறதுதான தாயி? பேரக் கூப்பிட்டா அவன் 'இருக்கேன்'னுருவான். பேரு காலியாக் கெடந்தா வேற குடும்பத்து ஆளு நொழைஞ்சுருவான். இன்னமும் சங்கிலின்னுதான் கூப்பிடுறாக. எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் திடுக்குங்குது."

ஃபர்ஹீனுக்கு மூச்சு சீராக வந்தது. அப்பாடா. பதில் ஆள்.

"அப்ப மூச்சுப் பெட்டிக்கும் கருத்தக்கண்ணன்தான் மூச்சுக் குடுத்தானா?"

"அவன் எங்க குடுத்தான்? பெட்டி வார நாளெல்லாம் அவன் மலை மெட்டுக்கு மேல ஏலத் தோட்டத்துக்குப் போயிருவானே. சங்கிலி பேரு வரவும் உங்கண்ணன் ஒண்ணும் பேசாமப் பெட்டியைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாக."

தலைக்கு மேலே இலைகள் அடித்துக்கொண்டன.

"தாயி," முத்துப்பேச்சி கத்தரியைக் கீழே வைத்தாள். "அவுக மூச்சு உங்கிட்ட இருக்காமே. ஒருக்கா கேக்கலாமா?"

மறுக்க ஃபர்ஹீனுக்கு மனம் வரவில்லை. தை மாதப் பதிவை, அவர் உயிரோடு இருந்தபோது எடுத்ததை, போனில் போட்டு, ஹெட்போனை அவள் காதில் வைத்தாள். முத்துப்பேச்சி அழவில்லை. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பக்கத்தில் படுத்திருக்கிறவரின் தூக்கத்தைக் கேட்பது போலக் கேட்டாள்.

"இதேதான்." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "மோட்டார் ரூமுல கேக்குறதும் இதேதான்."

"என்னக்கா சொல்றீக?"

"காத்து நின்ன நேரத்துல அங்கன போயிப் பாரு. கதவு பூட்டித்தான் கெடக்கும். உள்ள இழுத்து இழுத்து விடுற சத்தம் கேக்கும். மொதல்ல பயந்தேன். இப்பப் பயமில்ல, செத்த நேரம் வாசல்ல ஒக்காந்துட்டு வருவேன்." அவள் ஹெட்போனைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். "இத வெளியூருக்கெல்லாம் அனுப்பப் போறியாமே. அனுப்பு. அவுகளும் கேட்டுத்தான் சரின்னாக. ஆனா அவுகளோடது எதுவோ அத மட்டும் அனுப்பு தாயி. அடுத்தவுக மூச்சுக்கு எங்க வீட்டுப் பேரக் குடுத்துராத."

*

வீட்டுக்குத் திரும்பியபோது கரண்ட் இல்லை. மாடி அறையின் ஜன்னல் கதவுகள் காற்றில் முனகிக்கொண்டிருந்தன. ஃபர்ஹீன் லேப்டாப்பைத் திறந்து, பங்குனிப் பதிவை இந்த முறை இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டாள். மூச்சைக் கேட்கவில்லை. மூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

பெயர். பதில். சொரசொரப்பு. விசில்.

அதற்கும் பின்னால், தூரத்தில், கடகடவென்று ஏதோ ஓடியது. ஓடி ஓடி ஒரு இடத்தில் 'டக்' என்று தடுக்கி, மறுபடி ஓடியது.

அம்மாவின் தையல் மிஷின். பெல்ட் ஒட்டுப்போட்ட இடத்தில் தடுக்கும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்.

அம்மா தைக்க உட்கார்ந்துவிட்டாள் போல என்று ஹெட்போனைக் கழற்றினாள். கீழே மிஷின் சத்தம் இல்லை. படியின் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். மிஷின் மேல் துணி போர்த்தியபடியே இருந்தது. ஜெய்த்தூன் பீவி மாலை அஸர் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் இருந்தாள்.

ஹெட்போனை மாட்டினாள். மிஷின் ஓடியது. செத்த மனுஷன் இந்த வீட்டில், இந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

சித்திரைப் பதிவு. அதிலும் மிஷின்.

வைகாசிப் பதிவின் மேல் விரல் போனது, தொடவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஹெட்போனை மேஜைமேல் வைத்தாள்.

மூச்சு நிற்கவில்லை.

சொரசொரப்பு. விசில். சொரசொரப்பு. விசில். லேப்டாப் நிறுத்தித்தான் இருக்கிறது. விரலை வைத்து இன்னொரு தடவை அழுத்தினாள். சத்தம் அறையிலிருந்து வரவில்லை. படியிலிருந்து வந்தது. ஒரு படி ஏறும். நிற்கும். இழுக்கும். விசிலடிக்கும். இன்னொரு படி ஏறும்.

அவள் எழுந்திருக்கவில்லை. கதவையே பார்த்தாள்.

கதவில் அஷ்ரப் வந்து நின்றான்.

"என்ன பாப்பா, பேயக் கண்ட மாதிரிப் பாக்குற?" நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கோட்டயத்துல வெலை தேவலாம். இனிப்புகூட வாங்கியாந்தேன், உன் கையெழுத்துக்கு. போட்டுட்டியா?"

"சங்கிலி அண்ணன் பேர்ல மூச்சு விட்டது யாரு?"

அவன் சிரிப்பு மெதுவாக இறங்கியது. கட்டிலில் உட்கார்ந்தான்.

"நாந்தான்."

"ஏண்ணே?"

"நீதான சொன்ன? போன்ல. ஒரு பேரும் விட்டுப் போகக் கூடாது அண்ணே, எண்ணிக்கை கொறைஞ்சா எனக்கு நிதி கெடைக்காதுன்னு." இதில் தப்பு என்ன என்று நிஜமாகவே தெரியாதவன் போல அவளைப் பார்த்தான். "சங்கிலி போயிட்டாரு. தோட்டத்துல ஆளு கொறைஞ்சா என்ன செய்வோம்? பதில் ஆளு விடுவோம். கருத்தக்கண்ணன் கையில கெடைக்கல. வேற யார விட்டாலும் வெளிய சொல்லிருவான். நானே ஒக்காந்தேன். பெட்டியை நாற்காலிக்கும் முதுகுக்கும் நடுவுல குடுத்து, நானே கூப்பிட்டு, நானே இருக்கேன்னேன். உனக்கு ஒரு மூச்சு கொறையக் கூடாதுன்னு."

"இது களையெடுக்குற வேலை இல்லண்ணே." அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். "ஒவ்வொரு மூச்சும் அந்தந்த ஆளுக்கு மட்டும்தான். மாத்தி விட்டா அது பொய். நான் கையெழுத்துப் போட்டா அந்தப் பொய்க்கு நான் சாட்சி."

"சரி, அழிச்சிரு. யாருக்குத் தெரியப்போகுது?"

வேறொன்று அவளுக்கு அப்போதுதான் உறைத்துக்கொண்டிருந்தது. மூன்று மாதமாகக் கேட்கிறாள். பெயரைப் பார்த்துவிட்டு, சங்கிலியின் விசில் என்று நம்பிவிட்டாள். மூச்சு கேட்டு நோய் சொல்லப் போகிறவள், பெயரைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சட்டையைக் கழட்டு."

"எதுக்கு? போ பாப்பா, வேர்வை."

"கழட்டுண்ணே."

அலமாரியிலிருந்து மூச்சுப் பெட்டியை எடுத்து அவன் முதுகில் வைத்தாள். வழக்கம்போலப் பெயரைக் கூப்பிட்டாள்.

"அஷ்ரப்."

அவன் கொஞ்சம் தயங்கினான். தன் பெயருக்குப் பதில் சொல்வது அவனுக்கே புதிதாக இருந்தது போல.

"இருக்கேன்."

காய்ந்த இலைமேல் யாரோ நடந்தார்கள். கடைசியில் விசில்.

"எவ்வளவு நாளா?"

"போன வருசம் மருந்து நானும் கூட நின்னு அடிச்சேன்ல. அப்பருந்து." அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "உன் மதினி நசீமுக்குக்கூடத் தெரியாது. அம்மாக்கும் சொல்லாத. உள்ளதைச் சொல்லிர்றேன் பாப்பா, உனக்காகன்னுதான் மொதல்ல ஒக்காந்தேன். அப்புறம் நீ கேட்டுட்டு ஏதாச்சும் சொல்றியான்னு காத்துக் கெடந்தேன். சங்கிலி பேர்லயாச்சும் சொல்லுவியான்னு."

அவள் கருவியை அவன் முதுகிலிருந்து எடுக்காமல், நெற்றியை அவன் தோளில் வைத்துக்கொண்டாள்.

கீழே ஜெய்த்தூன் பீவி யாரிடமோ கேட்பது போலக் கேட்டாள். "படியில மறுபடியும் கேட்டுச்சே. மேல யாரு?"

"நாந்தாம்மா" என்றான் அஷ்ரப்.

ஃபர்ஹீன் போனை எடுத்தாள். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சொன்னால் நிதி போய்விடும் என்று தெரிந்தேதான் பவானி மேடத்தை அழைத்தாள்.

"கையெழுத்துப் போட்டு அனுப்புறேன் மேடம். கூடவே ஒண்ணு எழுதி அனுப்புறேன். எங்க ஆய்வுல ஒருத்தர் மாசியில எறந்துட்டார். அவர் பேர்ல என் அண்ணன் மூச்சு கொடுத்திருக்கார். அவர் எறந்தது நேத்துதான் தெரிஞ்சது, இது இப்பத்தான். அந்தப் பதிவுகளை எடுத்துடணும்."

அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம். பிறகு, "அப்படி எழுதினா குழு என்ன முடிவு பண்ணும்னு என்னால சொல்ல முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"எத்தனை பதிவு? சரியா எழுதணும்."

"மூணு."

கட்டிலில் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்த அஷ்ரப்பின் கை நின்றது. இல்லை என்று தலையாட்டினான்.

"ரெண்டு" என்றான் தாழ்ந்த குரலில். "பங்குனியும் சித்திரையும். வைகாசியில மனசு கேக்கல, அவர் பேரை விட்டுட்டேன். மத்த ஆளுகளை எடுத்த ஒடனே பெட்டியை மோட்டார் ரூமுல வச்சுப் பூட்டிட்டு லோடுக்குப் போயிட்டேன். சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு, திரும்பி வந்துதான் தெறந்து எடுத்தேன்."

"ஃபர்ஹீன்? லைன்ல இருக்கீங்களா?"

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். ஹெட்போனின் ஒரு காதை அண்ணனிடம் கொடுத்து, மறு காதைத் தன் காதில் வைத்துக்கொண்டு, வைகாசிப் பதிவைத் தொட்டாள்.

தையல் மிஷின் இல்லை. மோட்டார் ரூமின் தகரக் கூரைமேல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு காற்று நின்றது. வெகு நேரம் எதுவும் இல்லை. பெயரை யாரும் கூப்பிடவில்லை.

"இருக்கேன்" என்றது குரல்.